இருபத்தாறாவது வியாழன்

இருபத்தைந்து வியாழக்கிழமைகளில் இருபத்தைந்து முறை, செலஸ்டின் தன் வலது கட்டைவிரலைப் பலகையின்மேல் வைத்து 'நலம்' என்று அழுத்தியிருந்தாள். இருபத்தாறாவது வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புருஷன் ஜெர்சன் நிஜமாகவே நலமாக இருக்கிறானா, இல்லையா?

அயல்பணி நலச் சட்டம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. பெரியமணல் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோயிருக்கிறார்கள். இப்போது அப்படிக் கிடையாது. எந்தக் கடலில் எந்தப் படகில் இருந்தாலும், வியாழன் மாலை நாலு மணிக்கு முதலாளி அவனைப் பத்து நிமிடம் வீட்டாருக்குக் காட்டியாக வேண்டும். அதற்கென்று வீட்டுக்கு ஒரு பலகை தந்திருக்கிறார்கள். மாவுச் சல்லடை அகலத்தில் ஒரு திரை, அவ்வளவுதான். பேசி முடித்ததும் திரையில் இரண்டு கட்டங்கள் வரும். ஒன்று 'நலம்', மற்றது 'ஐயம்'. ஐயத்தை அழுத்தினால் நம் தூதரக ஆள் படகேறிப் போய்ப் பார்ப்பார். பார்த்து, ஒரு குறையும் இல்லையென்றால் அது பொய் ஐயம். படகுக்காரர் ஆளை ஊருக்கு அனுப்பிவிடலாம். ஐந்து வருஷத்துக்கு அவன் எந்தத் தேசத்துக்கும் வேலைக்குப் போக முடியாது. தொடர்ந்து இருபத்தாறு நலம் விழுந்துவிட்டால் சோதனைக் காலம் முடிந்தது என்று அர்த்தம். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இறுகும், படகு ஆழ்கடலுக்குப் போகும். அதற்கப்புறம் வியாழக்கிழமையும் கிடையாது, ஐயமும் கிடையாது.

செலஸ்டினுக்கு முதலில் சந்தேகம் வந்தது படத்தின்மேல் இல்லை, புருஷன்மேல்.

கிளம்புகிறபோது ஜெர்சன் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு போயிருந்தான். நல்லபடியாகத் திரும்பி வந்து கோயில் வாசலில் மொட்டை போடுகிறவரை தலையிலும் தாடியிலும் கத்தி படாது என்பது நேர்ச்சை. ஐந்தாவது வாரம்தான் அவள் கவனித்தாள். பலகையில் தெரிந்த கன்னம் வழவழவென்று இருந்தது.

"என்ன, செரச்சிட்டியளா?"

"இல்லட்டி. கத்தியே படல."

முகத்துக்கு நேராகப் பொய். வேறு ஊர்க்காரியாக இருந்தால் திரையைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். செலஸ்டினுக்கு அது தோன்றவில்லை. நேர்ச்சையை முறித்த ஆணுக்கு அதை மறைக்கத்தான் தோன்றும். பெண்டாட்டிக்கும் அதை வெளியே சொல்ல வாய் வராது. சொன்னால் நாளைக்குக் கடலில் எது நடந்தாலும் ஊர் அதையே காரணமாகச் சொல்லும். ஆகவே அவள் வாரா வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு 'நலம்' அழுத்தினாள். பதிமூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

"மூஞ்சியப் பாத்துட்டுத்தான கேக்கேன்! சாமிகிட்டயே பொய்யா? இனி இந்த மூஞ்சியோட எம்முன்னால வராதிய!"

அடுத்த வியாழன் ஜெர்சன் சிரித்த முகமாக வந்தான். "சாப்பிட்டியாட்டி? ஒடம்பப் பாத்துக்கோ" என்றான். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரமும்.

அங்கேதான் அவளுக்கு இடறியது. இதை நாத்தனார் மெர்லினிடம் சொன்னபோது, அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையோடு சிரித்தாள்.

"ஒங்களுக்குக் கிறுக்கா மதினி? புருஷன் பாசமாப் பேசுதான்னு எவளாவது கேஸ் குடுப்பாளா?"

"பாசமாப் பேசட்டும்ட்டி. ஒங்கண்ணன் பேசுதாவளே, அதான் இடிக்கி. கல்யாணங் கழிஞ்சு எட்டு வருசத்துல ஒருநாளு சாப்பிட்டியான்னு கேட்ட மனுசனா அவிய? நான் ஏசுனா எந்திரிச்சுக் கடக்கரைக்குப் போயிருவாவ. மூணு நாளைக்குப் பேச்சே இருக்காது. இப்ப என்னடான்னா அப்படி ஏசியும் அடுத்த வாரம் இளிச்சிக்கிட்டு நிக்காவ."

"வெளிநாடு போயி ஏசி காத்துல கொஞ்சம் மரியாத வந்துருக்கும்."

"மீன்படகுல ஏதுட்டி ஏசி?"

மெர்லின் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன் மதினி. ஐயம்னு அமுக்கி, அங்க ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னு வைங்க. அஞ்சு வருசம் எங்கண்ணன் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். அதையும் யோசிச்சுக்கோங்க."

செலஸ்டின் இரண்டையும் யோசித்தாள். யோசித்து, செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி, தூத்துக்குடியில் இருந்த ஆய்வு மற்றும் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். வெளிநாடு போகிறவர்களுக்குப் பயிற்சி தருவதும், போனவர்களுக்காக வழக்காடுவதும் அந்த மையத்தின் வேலை. நலச் சட்டமே அவர்கள் எழுதிய ஆய்வறிக்கையிலிருந்து பிறந்ததுதான்.

வழக்கறிஞர் சௌந்தரவல்லி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். செலஸ்டின் சொன்னதை எல்லாம் வரிசை மாறாமல் தாளில் எழுதிக்கொண்டாள்.

"அடையாளக் கேள்வி மூணு குடுத்திருப்போமே, அதுக்குச் சரியா பதில் சொல்றாரா?"

"சொல்லுதாவ. மூணுக்கும்."

"அப்ப சட்டப்படி அது அவர்தான். தாடி இல்லைங்கறதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"தாடி வேண்டாம் வக்கீலம்மா. தாடைக்குக் கீழ பாருங்க."

சௌந்தரவல்லி கணினியில் மூன்றாவது வாரத்துப் பதிவையும் இருபத்தைந்தாவது வாரத்துப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் தாடைக்குக் கீழே, இடது பக்கம், சவரக்கத்தி பட்ட சின்னக் கீறல் ஒன்று சிவப்பாக இருந்தது. அதே நீளம், அதே சிவப்பு.

"இருவத்திரெண்டு வாரமா ஆறாத கீறலா?" என்று கேட்டாள் செலஸ்டின்.

 வழக்கறிஞர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் கதவு சாத்தப்பட்டது செலஸ்டினுக்குப் பிடிக்கவில்லை.

"நடுக்கடல்ல இணைப்பு நூல் மாதிரிதாங்க இருக்கும். முழுப் படத்தை அதுல அனுப்ப முடியாது. அதனால படத்தை அனுப்பறதில்லை. வாய் எப்ப திறக்குது, கண்ணு எங்க பாக்குது, அந்தக் குறிப்பு மட்டும்தான் வரும். இந்தப் பக்கம் இருக்கிற எந்திரம் அதுமேல முகத்தைப் போர்த்திக் காட்டும்."

"எந்த முகத்த?"

"போறதுக்கு முன்னாடி பதிஞ்சு வச்ச முகத்தை."

"எங்க பதிஞ்சது?"

"இங்கதான். அவரை மூணு மணி நேரம் உக்கார வச்சுப் படிக்கச் சொன்னோமே, அப்ப."

செலஸ்டினுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. "சவரம் பண்ணிட்டு வரணும்னு சீட்டுல எழுதியிருந்திய. அவசரத்துல கீறிக்கிட்டாவ." பிறகு கேட்டாள்: "கொரலு?"

"அதுவும் அப்படித்தான். ஒரு சொல் சரியா வந்து சேரலைன்னா, அவர் வழக்கமா சொல்ற சொல்லைப் போட்டு நிரப்பிடும்."

"அழுதா?"

சௌந்தரவல்லி பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"அழுகை சொல் இல்லையேங்க. இரைச்சல்னு நினைச்சு எடுத்துடும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செலஸ்டின் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தாள். "என்னையுந்தான் மூணு மணி நேரம் படிக்க வச்சிய. பேச்சப் பழக்குதோம்னு சொன்னிய."

"ஆமாங்க. அவருக்கு நீங்க தெரியறதும் அப்படித்தான்."

அப்படியானால் பதிமூன்றாவது வாரம் அவள் கத்தியது அவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அங்கே அவன் ஏதாவது சொல்லிக் கதறியிருந்தால், இவள் 'சரி, நல்லது' என்று சிரித்ததாகத்தான் அவனுக்குக் கேட்டிருக்குமா?

"இத யாரு கண்டுபுடிச்சா?"

வழக்கறிஞர் இழுப்பறையிலிருந்து, சட்டம் வந்த மறுவருஷம் எழுதிய நீல அட்டை அறிக்கையை எடுத்து, பக்கத்தைத் தேடாமலே திறந்தாள். "படம் விட்டு விட்டு வந்தா வீட்டுல பதறிப்போயி தப்பா ஐயம் அழுத்திடறாங்க, அதனால நல்லா இருக்கிறவங்களும் வேலையை விட்டுட்டு வர வேண்டியிருக்குன்னு நூத்திப்பத்து குடும்பத்துக்கிட்ட கேட்டு எழுதினோம். விட்டுப்போற அந்த ரெண்டு நொடி, மூணு நொடியைப் பழைய பதிவை வச்சு நிரப்பலாம்னு பரிந்துரை பண்ணினோம். கீழே கையெழுத்துப் போட்ட அஞ்சு பேர்ல நானும் ஒருத்தி."

"ரெண்டு, மூணு நொடின்னு அதுல இருக்கா?"

சௌந்தரவல்லி அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். ஏழு வருஷத்தில் அவள் அதை எத்தனை முறை படித்திருப்பாளோ. இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"இல்லை. எத்தனை நொடின்னு எழுத விட்டுட்டோம்."

செலஸ்டின் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப நான் யாருகிட்ட வந்து நிக்கேன்?"

"தப்புப் பண்ணினவகிட்டதாங்க. ஆனா இந்தச் சட்டத்துல எந்த இடத்துல என்ன எழுதியிருக்குன்னு என்னைவிட யாருக்கும் தெரியாது. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டாள். நலமும் அழுத்த வேண்டாம், ஐயமும் அழுத்த வேண்டாம் என்றாள் வழக்கறிஞர். வியாழன் நாலு மணிக்குப் பலகையை அணைத்து, மாவட்ட அயல்பணி அலுவலர் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டார் வராவிட்டால் தொடர் அறுந்துபோகும், ஒப்பந்தம் இறுகாது. ஏன் வரவில்லை என்று அலுவலர் விசாரிக்க வேண்டும். பொய் ஐயம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் ஒன்றையுமே சொல்லவில்லை.

"இதையும் நீங்க தப்பா எழுதியிருந்தா?"

"தெரியலீங்க."

அந்தப் பதில்தான் செலஸ்டினை நிறுத்தியது. "சொன்னத எல்லாம் ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றாள். சௌந்தரவல்லி எழுதிக் கொடுத்தாள். செலஸ்டின் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு இருவரும் அலுவலர் கோமதிநாயகத்தின் அறையில் இருந்தார்கள். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கிற மனிதர். எதைக் கண்டும் ஆச்சரியப்படுவதில்லை என்று என்றைக்கோ தீர்மானித்தவர் போல இருந்தார். பலகையை அணைத்து, காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரும்பு பீரோவுக்குள் பூட்டி, சாவியை மேசைமேல் போட்டார்.

"ஏம்மா, புருஷன் நடுக்கடல்ல இருந்து கூப்பிடப் போறான். நீ இங்க உக்காந்து டீ குடிக்கப் போற. இதுக்கு ஒரு வக்கீலு வேற."

"டீ வேண்டாம் சார்."

"சொல்லியாச்சு, வரும். குடி."

டீ வந்தது. நாலு மணி ஆனது. செலஸ்டின் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜெர்சன் ஒரு வெற்றுத் திரைக்கு முன்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று தோன்றியது. எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டிவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாலு ஐந்து. நாலு எட்டு. சௌந்தரவல்லியின் டீயில் ஆடை படிந்துவிட்டது.

நாலு பதினொன்றுக்கு அலுவலரின் கணினியில் ஒரு ஒலி கேட்டது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்ன சார்?" என்றாள் வழக்கறிஞர்.

கோமதிநாயகம் திரையைப் பார்த்தபடியே வாசித்தார். "உரையாடல், பத்து நிமிடம். பணியாளர், வருகை. வீட்டார், வருகை. முடிவு, நலம். கைரேகை பொருந்தியது. இருபத்தாறு முழுமை."

செலஸ்டின் தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவி, கட்டைவிரலைப் பார்த்தாள்.

அலுவலர் தானே எழுந்து பீரோவைத் திறந்தார். உறை இருந்தது. அரக்கு உடையாமல் இருந்தது. கிழித்து வெளியே எடுத்தார். பலகை கறுப்பாகக் கிடந்தது.

"இந்த அம்மா என் எதிர்லதான இருந்தா," என்றார், யாரையோ குறுக்குவிசாரணை செய்கிற மாதிரி. "வாயத் தொறக்கலையே. இங்க யாருமே பேசலையே."

"விட்டுப்போனதை நிரப்பறதுதான் சார் அதோட வேலை," என்றாள் சௌந்தரவல்லி. "ஒரு சொல் விட்டுப்போனா ஒரு சொல்லை நிரப்பும். ஆளே விட்டுப்போனா ஆளை நிரப்பியிருக்கு. எத்தனை நொடின்னு நாங்க எழுதலை."

"அந்தப் பக்கம்?" என்று கேட்டாள் செலஸ்டின். "அந்தப் பக்கம் யாரு சார் இருந்தா?"

இணைப்புக் குறிப்பைக் கேட்டு வாங்க அலுவலருக்கு அதிகாரம் இருந்தது. நலம் என்று விழுந்த பிறகு அதை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வழக்கறிஞர் அங்கேயே மனு எழுதினாள், அவர் அங்கேயே ஒப்புதல் போட்டார். அரை மணி நேரத்தில் அச்சுப்பொறி மூன்று தாள்களைத் தள்ளியது.

முதல் வாரம், பணியாளர் பக்கம்: பத்தில் நாலு பங்கு நிரப்பப்பட்டது. ஆறாவது வாரம், பத்தில் ஆறு. பதிமூன்றாவது வாரம், பத்தில் ஒன்பது. பதினாலாவது வாரத்திலிருந்து எல்லா வரியிலும் ஒரே வாசகம்தான்: 'பணியாளர் வரவில்லை. முழுதும் நிரப்பப்பட்டது.' இன்றைக்கும் அதேதான்.

கடைசித் தாளில் இன்றைய உரையாடல் இருந்தது. 'சாப்பிட்டியாட்டி?' 'சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டியளா?' 'ஒடம்பப் பாத்துக்கோ.' 'நீங்களும் பாத்துக்கோங்க.' செலஸ்டின் நாலு வரி படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள். இல்லாத ஒருத்தியும் இல்லாத ஒருவனும் பத்து நிமிடம் நலம் விசாரித்துக்கொண்டு நலமாக முடித்திருந்தார்கள்.

"பழைய வாரங்கள்ல அவர் நிஜமா என்ன பேசினார்னு எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டாள் சௌந்தரவல்லி.

"மூல ஒலி முப்பது நாள்தாம்மா வச்சிருப்பான்." அலுவலர் விரல்விட்டு எண்ணினார். "பதினாலாவது வாரத்துலேர்ந்து ஆளு வரலைன்னா, அப்பவே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அவியளுக்குக் கோவம் வந்தா எந்திரிச்சுப் போயிருவாவ சார்," என்றாள் செலஸ்டின். "இது எதோ தப்பாயிருக்குன்னு அவியளுக்கும் தெரிஞ்சிருக்கும். நான் இன்னைக்கு வந்து இங்க உக்காந்தேம்லா, அது மாதிரி அவியளும் வராம இருந்து பாத்திருப்பாவ. நான் கண்டுபுடிப்பேன்னு இருந்திருப்பாவ."

சௌந்தரவல்லி மூன்று தாள்களையும் அடுக்கி அலுவலர் முன்னால் வைத்தாள்.

கோமதிநாயகம் தூதரகத்துக்குப் போன் போட்டு, அவர்களும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொன்னார். "நாளைக் காலையிலேயே படகுக்குப் போகிறோம் சார். கவலை வேண்டாம்," என்றது அந்தப் பக்கத்துக் குரல். கரகரப்பு இல்லை, மூச்சு வாங்கவில்லை, அப்படி ஒரு தெளிவு.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், அங்க இப்ப மழையா வெயிலான்னு கேளுங்க," என்றாள் செலஸ்டின்.

கேட்டார். "இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது சார்," என்றது குரல்.

அலுவலர் போனை வைத்துவிட்டார். அடி இழுப்பறையைக் குடைந்து, ஓரம் மஞ்சளாகிப்போன ஓர் அச்சுப் படிவத்தை எடுத்தார். நேரடி ஆய்வு ஆணை. இணைப்பெல்லாம் வருவதற்கு முன்னால், ஆள் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த படிவம்.

"இத யாராவது கையில கொண்டுபோயி, அங்க ஒரு மனுசனப் பாத்துக் குடுக்கணும்."

"நான் போறேன் சார்," என்றாள் சௌந்தரவல்லி. "எந்த விமானம் கிடைச்சாலும் இன்னைக்கே. நான் எழுதினதைத் தேடி நான்தான் போகணும்."

"போயி, படகுல ஏறி?"

"ஏறி, அவரைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் உங்களுக்குச் சொல்லுவேன். வந்து சொல்லுவேன், போன்ல இல்லை."

செலஸ்டின் அவளைப் பார்த்தாள். இரண்டு நாளில் முதன்முறையாக, அவள் சொன்னதைத் தாளில் எழுதித் தரும்படி கேட்கவில்லை.

கோமதிநாயகம் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர், ஊர், படகின் எண், துறைமுகம். ஏழாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது.

"பணியாளரிடம் வீட்டார் கடைசியாகப் பேசிய நாள்." தலையை நிமிர்த்தினார். "இன்னைக்குத் தேதி போட முடியாது. பதிமூணாவது வியாழன்னு போட்டுரட்டுமாம்மா?"

பதிமூன்றாவது வியாழனில் பத்தில் ஒரு பங்குதான் அவன். அது எந்த ஒரு பங்கு? முதல் வாரம் பத்தில் ஆறு பங்கு அவன். சிரித்தது அவனா? கூட்டு என்ன வைத்தாய் என்று கேட்டது அவனா? செலஸ்டின் ஒவ்வொரு வியாழனாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். எந்த வார்த்தையைப் பிடித்தாலும் அது கையில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் தாண்டிப் போனபிறகு, விமான நிலையத்து வாசல் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கே அவன் வியர்த்திருந்தான். பையின் வார் அறுந்திருந்தது. அதற்கு எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தான்.

"மார்ச் ஒம்பது," என்றாள். "காலையில ஏழே கால். 'ஊசி வாங்கித் தைச்சுத் தரப்படாதா, அதையும் நாந்தான் சொல்லணுமா'ன்னு ஏசுனாவ. அதுக்கப்புறம் நாங்க பேசல சார். அதையே எழுதுங்க."

கோமதிநாயகம் அதையே எழுதினார்.